நரம்பு அல்ட்ராசவுண்ட் ஸ்டேஷன்: ப்ரோபை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். இனி கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கலாம். நரம்பியல் செய்முறைத் தேர்வில் பலரும் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுகிற அல்ட்ராசவுண்ட்தான் எனக்குக் கைகொடுத்தது. அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு வந்த கேஸ்: திடீரென்று தோளில் கடும் வலி, இரவெல்லாம் தூக்கமில்லை. வலி அடங்கும்போது கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மடங்கவில்லை. விரல்களால் வட்டம் போடச் சொன்னால் சதைப்பகுதிகள் தட்டையாக ஒட்டிக்கொண்டன. உணர்ச்சி முழுசாக இருந்தது. கையின் முக்கிய நரம்புகளில் ஒன்றான மீடியனின் கிளை, ஆன்டீரியர் இன்டர்ஆசியஸ், பாதிப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் கிளை பிரிவது முன்கையில், ஆகவே எல்லோரும் முன்கையிலேயே துழாவுவார்கள்.

நான் ப்ரோபை (தோலில் வைத்து ஓட்டும் ஸ்கேன் முனை) மணிக்கட்டில் வைத்து, மீடியன் நரம்பைக் குறுக்குவெட்டில் பிடித்து, கண்ணை எடுக்காமல் மேலே ஓட்டிக்கொண்டே போனேன். முழங்கையைத் தாண்டி, பிரேக்கியல் தமனிக்குப் பக்கத்தில், நரம்புக்குள் ஒரு ஃபாசிக்கிள் (இழைக்கட்டு) மட்டும் கறுத்து உப்பியிருந்தது. நீளவாக்கில் திருப்பினால் உடுக்கை மாதிரி நடுவில் ஓர் இடுக்கம். தேர்வாளர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நியூரால்ஜிக் அமையோட்ரஃபி (கடும் வலியோடு தொடங்கி, நரம்பு அழற்சியால் தசை தளரும் நோய்) என்றேன். அப்புறம் வைவா (வாய்மொழித் தேர்வு) முழுக்க அதிலேயே ஓடியது: இடுக்கம் இருந்து, மாதக்கணக்கில் தசை திரும்பாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றி எப்போது பேசுவாய் என்று.

எனவே, ஓட்டுங்கள். அளவு, பட்டியல் எல்லாம் இரண்டாம்பட்சம். எண்களை மனப்பாடம் செய்வது எனக்கு ஒட்டவே ஒட்டாது. உங்களுக்கு ஒட்டும் என்றால் சந்தோஷம். மணிக்கட்டில் மீடியனுக்குச் சுமார் 10 சதுர மி.மீ. வரை நார்மல் என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். அளக்கும்போது வெள்ளை விளிம்புக்கு உள்ளே கோடு போடுங்கள், அவ்வளவுதான்.

கேட்கக்கூடியவை:

- வெட்டுக்காயம், முதல் வாரம். கீழ்த்துண்டு இன்னும் சில நாள் மின்தூண்டலைக் கடத்தும்; இ.எம்.ஜி. (தசையின் மின்சோதனை) ஊசியில் ஃபிப்ரிலேஷன் (நரம்பிழந்த தசையின் தானான மின்துடிப்பு) வர 2–3 வாரம் ஆகும். 1943இல் செடன் என்ற அறுவை மருத்துவர் பிரித்த ஆக்ஸனோட்மெசிஸ் (உள்ளிழைகள் மட்டும் அறுந்தது), நியூரோட்மெசிஸ் (நரம்பே முழுசாக அறுந்தது) இரண்டையும் இ.எம்.ஜி. அந்த நேரத்தில் பிரித்துக் காட்டாது. நரம்பு தொடர்ச்சியாக இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பதை ஸ்கேன் அன்றைக்கே காட்டிவிடும். இந்தக் கேள்வியை நிச்சயம் தயார் செய்யுங்கள்.
- கியான்-பாரே (நோயெதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கி வேகமாகத் தளரவைக்கும் நோய்). ஆரம்பத்திலேயே கழுத்தில் சி5, சி6 நரம்பு வேர்கள் தடித்திருக்கலாம். ஸ்கேன் நார்மல் என்பதற்காக நோய் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். கை நரம்புகள் விட்டுவிட்டு நன்றாகப் பருத்திருந்தால் சி.ஐ.டி.பி. (அதே மாதிரி, ஆனால் நாள்பட்ட நோய்) பக்கம் யோசியுங்கள்.
- வேர்களை எண்ணுவது. ஏழாவது கழுத்தெலும்பின் (சி7) குறுக்கு நீட்சிக்கு முன்புற முண்டு கிடையாது. அதைப் பிடித்து மேலே எண்ணினால் குழப்பமில்லை.
- பாதம் தொங்கல். ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) தலையருகே நரம்புக்குள் கறுப்பாக நீர்க்கட்டி இருந்தால், அது பக்கத்து மூட்டோடு சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.
- நரம்பா, தசைநாணா என்று சந்தேகமா? ப்ரோபைச் சாய்த்தால் நாண் சட்டென்று மங்கும், நரம்பு அவ்வளவாக மங்காது. ரத்தக்குழாயா என்ற சந்தேகம் என்றால் ரத்த ஓட்டம் காட்டும் டாப்ளர் போடுங்கள்.

பயிற்சிக்கு மெஷின் கிடைப்பதுதான் பெரும்பாடு. நான் இருந்த இடத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய சிரைக்குள் குழாய்) போடுகிறவர்களுக்குப் போக மிச்ச நேரம்தான் எங்களுக்கு, கேட்டால் "உங்களுக்கு எதற்கு?" என்பார்கள். நோயாளி வேண்டியதில்லை, நைட் டியூட்டியில் உங்கள் கையிலேயே ஓட்டுங்கள். மேற்கை எலும்பின் சுழல் பள்ளத்தில் ரேடியல் நரம்பு, முழங்கையில் அல்நார் நரம்பு என்று தினமும் ஒன்று போதும். அமுக்காதீர்கள், ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள்.

அப்புறம், தேர்வில் மறுபக்கக் கையையும் பாருங்கள். நேரம் போதாவிட்டால் "மறுபக்கத்தோடு ஒப்பிடுவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் நினைத்ததற்கு யாரும் மார்க் போடுவதில்லை.