காது போர்டும் கடைசி பெஞ்சும்

என் மகன் நான்காம் வகுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ரேங்க் கார்டில் ஒரே வரிதான்: ‘கவனம் போதாது’. மிரட்டிப் பார்த்தோம், அடித்தோம், வல்லாரைக் கீரையும் கொடுத்தோம். பல்லடம் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தறி ஓடும்; எல்லோருமே கத்தித்தான் பேசுவோம். அதனால் அவனுக்குக் காது மந்தம் என்பது வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வந்த சிறப்புப் பயிற்றுநர். பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டிருக்கிறார், இவன் திரும்பவில்லை. முகம் பார்த்துக் கேட்டால் டக்கென்று பதில். டிக்டேஷனில் ‘பட்டு’ சரியாக எழுதுகிறான், உதடு மூடுவது தெரிகிறதே! ‘தட்டு’, ‘கட்டு’ இரண்டும் அவனுக்கு ஒன்றுதான்.

“இடம் மாத்தி உட்கார வைங்க மிஸ்” என்று கேட்டதற்கு, “மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்” என்றார்கள். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

ஆன்லைனில் பதிவதெல்லாம் பத்து நிமிட வேலை. ஆஸ்பத்திரியில்தான் அலைச்சல். அட்டைக்குச் சான்று எழுதும் டாக்டர் குழுவை அங்கே ‘போர்டு’ என்பார்கள். முதல் நாள் போனால், சீட்டு போடுபவர் நிமிர்ந்தே பார்க்காமல், “இன்னைக்கு எலும்புக்குத்தானுங்க்கா. காது போர்டுக்கு வேற நாளுங்க” என்று முடித்துவிட்டார். தறிக்கூலி போனது, பஸ் காசும் போனது. கிளம்பும் முன் எந்த நாளில் எந்த போர்டு என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை, வெளியில் 800 ரூபாய் கொடுத்து எடுத்த ஆடியோகிராம் (காது கேட்கும் அளவைக் காட்டும் டெஸ்ட்) செல்லாது, இங்கேதான் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுப்பவர் அன்று லீவு.

மூன்றாம் தடவை டெஸ்ட் நடந்தது. வலது காது 64 டெசிபல், இடது 66. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’. அட்டை கிடைத்துவிடும் என்று எனக்குச் சந்தோஷம். பெற்ற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதற்குச் சந்தோஷப்பட்டேன் பாருங்கள்!

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “செவிப்பறைக்குப் பின்னால சளி நீர் கோத்திருக்கு. இதை வெச்சு எழுத முடியாது, மூணு மாசம் கழிச்சு வாங்க” என்றார். டெஸ்டுக்கு முன்னாலேயே பார்த்திருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். குழந்தைக்குச் சளி இருக்கும்போது சான்றிதழ் டெஸ்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து 48, 50. நீர் வற்றிவிட்டது, மிச்சம் இருப்பது நரம்புக் குறை, அது சரியாகாதாம். அட்டையும் கிடையாது. “நல்ல சேதிதானுங்க்கா, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?” என்று சீட்டு போடும் அதே மனிதர் கேட்டார்!

ஆத்திரம் அவர் மேல் இல்லை. அட்டைக்குக் காத்திருந்து, பையனைக் கடைசி பெஞ்சிலேயே விட்டுவைத்தேனே, அதுதான் இன்னும் எரிகிறது. பெஞ்ச் மாற்றுவதற்கு எந்த அட்டையும் வேண்டாம். பயிற்றுநர் மறுபடி வந்து வகுப்பு டீச்சரிடம் பேசினார். ரோட்டுப் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி, இரண்டாவது பெஞ்ச். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் சொல்ல வேண்டாம். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். டீச்சரும், பாவம், முகம் கோணாமல் செய்கிறார். முன்பு டிக்டேஷனில் பத்துக்கு இரண்டு எடுத்தவன், போன வாரம் ஏழு.

சீட்டுப் பணத்தை எடுத்துக் காது கேட்கும் கருவி வாங்கினோம். பேட்டரி ஸ்டிக்கரை உரித்த நிமிடத்திலிருந்து சார்ஜ் குறையும், போட்டாலும் போடாவிட்டாலும். அதனால் முன்கூட்டி உரிக்காதீர்கள். உரித்த பிறகு ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ராத்திரி ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்த டப்பாவில் வையுங்கள். தறிக்கூடத்துக்குள் மாட்டிக்கொண்டு போனால் மைக்கில் பஞ்சு அடைக்கும்.

அமுச்சி (என் அம்மா) மட்டும் பழக்க தோஷத்தில் அவனிடம் இன்னும் கத்தித்தான் பேசுகிறார். அவர் வரும்போது இவன் கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறான்.