14 அங்குல கேமிங் லேப்டாப்பில் ரேம், எஸ்எஸ்டி சேர்த்துப் பார்த்தேன்

ஆட்டத்தின் நடுவே அரை நொடி அப்படியே உறைந்துபோகும், அப்புறம் ஓடும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம்கள்) குறையவே இல்லை. எஸ்எஸ்டி மெதுவாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கேற்ப 512 ஜிபியும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடியபோதுதான் விஷயம் புரிந்தது: 8 ஜிபி ரேமில் 7.5 போய்விட்டது. மிச்சத்துக்கு விண்டோஸ் எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலை, அதாவது ரேம் போதாதபோது அதற்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஃபைலை, தேடிப் போகிறது. எவ்வளவு வேகமான எஸ்எஸ்டியும் ரேமுக்கு ஈடாகாது.

புது ரேம் வாங்கும் முன்பே லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். சில லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர் அதையும் ஒரு ஸ்லாட்டாகவே காட்டலாம். என்னுடையதில் நல்லவேளையாக இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. ரேம் வகை டிடிஆர்4, வேகம் 3200. டிடிஆர்5 ஸ்டிக் இதில் உட்காரவே உட்காராது, வெட்டு இருக்கும் இடமே வேறு.

ஏற்கெனவே இருந்ததற்கு ஜோடியாக அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கினேன். பழையதை எடுத்துவிட்டு ஒரே 16 ஜிபி போட்டாலும் அளவு அதேதான். ஆனால் இரண்டு ஸ்டிக் இருந்தால் டூயல் சேனல் கிடைக்கும், அதாவது ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான 64 பிட் பாதை 128 ஆகும்.

எஸ்எஸ்டிக்குத்தான் அதிகம் யோசித்தேன். காலியாக இருந்த எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) குட்டையானது. 2242, அதாவது 22 மி.மீ. அகலம், 42 மி.மீ. நீளம். கடையில் எங்கும் கிடைக்கும் 2280 அங்கே நுழையாது. இப்படிச் சின்ன ஸ்லாட்டுகள் சிலவற்றில் மெதுவான சாட்டா இணைப்பு மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் மேனுவலையும் பார்த்தேன். அதைவிட வேகமான பிசிஐஇ 3.0 இணைப்பு, நான்கு லேன் (தரவுப் பாதை) என்றிருந்தது. நொடிக்கு 7 ஜிபி படிக்கும் 4.0 டிரைவைப் போட்டாலும் இதில் 3.5க்கு மேல் போகாது. அதனால் வேகத்தை விட்டுவிட்டு டிஎல்சி (ஒரு செல்லில் மூன்று பிட் சேமிக்கும்) வகையா, சிப்புகள் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து 1 டிபி எடுத்தேன். விண்டோஸ் பழைய டிரைவிலேயே இருக்கட்டும், கேம்கள் மட்டும் புதியதில். பழைய டிரைவை அப்படியே நகலெடுக்கும் (குளோன்) வேலையே இல்லை.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன். ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். ஆன் செய்ததும் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. நெஞ்சு படபடத்தது. புது ரேமைப் பழகிக்கொள்ள எடுக்கும் நேரம் அது, அவசரப்பட்டு அணைத்துவிட வேண்டாம்.

அதே கேம், அதே இடம், இப்போது ரேம் 11 ஜிபி வரை ஏறுகிறது. உறைவது நின்றேவிட்டது! லோடிங் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. கேம்களைப் புது டிரைவுக்கு மாற்றியபோது சூடு 71 டிகிரி தொட்டது. மூடிக்கும் சிப்புக்கும் இடையே ஒரு மெல்லிய தெர்மல் பேட் வைத்துப் பார்க்க வேண்டும்.