ஆற்றுப் படிகள்: தேர்வில் நான் சறுக்கிய இடமும் பிறகு பிடித்த வழியும்

முதல் முறை புவியியல் தேர்வு எழுதியபோது, ஆற்றுப் படிகளில், அதாவது பள்ளத்தாக்கின் ஓரங்களில் படிக்கட்டுபோல் நிற்கும் தட்டை நிலங்களில், காலநிலைக்கும் எரிமலைக்கும் என்ன பங்கு என்ற கேள்விக்குத் தைரியமாக ஒரு தப்பு எழுதினேன். அடுக்குகளில் மேலே இருப்பதுதான் இளையது என்ற விதி மண்டையில் ஏறியிருந்தது. அதனால் உச்சிப் படிதான் புதியது என்று எழுதிவிட்டேன். உண்மை நேர்த் தலைகீழ். ஆறு கீழே வெட்டிக்கொண்டு இறங்கும்போது கைவிட்டுப்போன வெள்ளச் சமவெளியின் மிச்சம்தான் படி. ஆகவே உயரத்தில் நிற்பது மூத்தது. ஆனால் ஒரே படிக்குள் இருக்கும் மணல், கூழாங்கல் அடுக்குகளுக்குப் பழைய விதியே பொருந்தும். குழப்பம் இங்கேதான். இப்போதெல்லாம் பதிலைத் தொடங்கும் முன் பள்ளத்தாக்கின் குறுக்குவெட்டைப் பென்சிலில் வரைந்துவிடுகிறேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்த பொறி காலநிலை. 'பனியுகத்தில் ஆறு அரிக்கும்' என்று ஒரே வரியில் முடித்தால் மதிப்பெண் போய்விடும். ஐரோப்பிய ஆறுகள் பலவற்றில் நடந்ததே வேறு. கடுங்குளிரில் செடிகொடி குறைகிறது, சரிவுகள் உறைந்து உருகி நொறுங்குகின்றன, சுமக்க முடியாத அளவுக்குக் கல் ஆற்றில் இறங்குகிறது. ஆறு பல கிளைகளாகப் பின்னிக்கொண்டு கூழாங்கல்லைப் பரப்புகிறது. காலநிலை மாறும் கட்டத்தில் கதை திரும்புகிறது. காடு வளர்ந்து சரிவைப் பிடித்துக்கொண்டால் சுமை குறையும். மிச்சமிருக்கும் வேகத்தை ஆறு அடித்தளத்தை வெட்டுவதில் காட்டும். கடலோரத்தில் மட்டும் கணக்கு வேறு: பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால் அங்கே அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம் மெல்ல உயராவிட்டால் இப்படிப் படிக்கட்டாக நிற்காது, அமிழும் நிலத்தில் படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்துபோகும் என்றும் ஒரு வரி சேருங்கள். பலரும் விடுவது அதைத்தான்.

சரி, எரிமலை? இதைத் தனிப் பத்தியாக ஒட்டவைப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் செய்தேன். மேற்குத் துருக்கியின் கெடிஸ் ஆற்றைப் பற்றிப் படித்த பிறகே படிகளின் கதையும் எரிமலையும் மனதில் ஒன்றுசேர்ந்தன. குலா பகுதியில் பழைய படிகளின்மேல் எரிமலைக் குழம்பு ஓடி, பசால்ட் என்ற கறுப்புப் பாறையாக இறுகி மூடியிருக்கிறது. 'எரிந்த நிலம்' என்று பண்டைய கிரேக்கர்கள் பெயர் வைத்த இடம் அது. அந்தக் கறுப்பு மூடி அடியில் இருந்த கூழாங்கல்லை அரிப்பிலிருந்து காத்தது. போதாததற்கு, கூழாங்கல்லுக்கு நேரடியாக வயது காண்பது கடினம், பசால்ட்டுக்கு, அதில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளக்கும் ஆர்கான் முறையில் காணலாம். படிகளை உண்டாக்கியதில் பெரும்பங்கு காலநிலைக்கு. அவற்றைப் பூட்டிவைத்து வயதும் சொன்னது எரிமலை.

எரிமலை ஆற்றையே மறிப்பதும் உண்டு. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் லாஹர் சே என்ற எரிமலை வெடித்தபோது, கொட்டிய நுரைக்கல்லும் சாம்பலும் ரைன் ஆற்றை அடைத்து ஏரியாக்கின. அணை உடைந்து பெருவெள்ளம் பாய்ந்தது. ஆனால் இது குறுகிய காலக் கூத்து. பல்லாயிரம் ஆண்டு எடுக்கும் படியோடு இதை ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இரண்டாம் முறை எழுதியபோது ஒரு படம் கொடுத்திருந்தார்கள்: கூழாங்கல், அதன்மேல் கறுப்புப் பாறை, வயது கேள்வி. பாறையின் வயதையே அடியில் இருந்த கூழாங்கல்லுக்கும் கொடுக்கக் கை பரபரத்தது. நிறுத்தி, 'கூழாங்கல் இதைவிடப் பழையது. எவ்வளவு பழையது என்பதை இந்த ஒரு வயதை வைத்துச் சொல்ல முடியாது' என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.