ஒரு # குறியும் மூன்று இரவுகளும்

வெளியிலிருந்து தரவை எடுத்து மெயிலில் அனுப்பும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். கையால் ஓட்டினால் சமர்த்தாக ஓடும். இரவு 2 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) விட்டால் மட்டும் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்று படுத்துவிடுகிறது.

அலுவலகத்திலிருந்து வெளியே போவதெல்லாம் ப்ராக்ஸி என்ற இடைநிலை சர்வர் வழியாகத்தான். அதன் முகவரியை, நான் டெர்மினலைத் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைத்திருந்தேன். கிரான் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது மறந்தே போயிற்று. சரி என்று கிரான் வரியிலேயே, கட்டளைக்கு முன்னால் எழுதினேன்.

அந்த முகவரிக்குள் ப்ராக்ஸிக்கான என் கடவுச்சொல்லும் வரும். அதில் ஒரு # உண்டு. யூஆர்எல்லில் அப்படியே போட்டால் முகவரி அந்த இடத்தோடு முடிந்துவிடும். %23 என்று எழுத வேண்டும். இது எனக்குத் தெரியும், எழுதினேன். தெரியாதது, கிரான் வரியில் % வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும் என்பது! கட்டளை பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. முன்னால் ஒரு \ போட்ட பிறகுதான் அடங்கியது. (கடவுச்சொல்லை அங்கே எழுதலாமா என்று திட்ட வராதீர்கள். நான் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்புக்கு மாற்றியாயிற்று.)

மூன்றாம் இரவு தரவு வந்தது, மெயில் வரவில்லை. தரவை எடுக்கும் ரெக்வெஸ்ட்ஸ் நூலகம், ப்ராக்ஸி முகவரி இருக்கும் மாறியைப் பார்த்து நடந்துகொள்ளும். மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிலிப் நூலகம் அதைக் கண்டுகொள்ளாமல் நேராக வெளியே போய் ஃபயர்வாலில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் உள்ளேயே இருக்கும் மெயில் சர்வருக்குத் திருப்பிவிட்டேன்.

இன்று காலை மெயில் வந்திருந்தது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.