புற்றுநோயாளிகளுக்காக ஐ.ஆர் படிக்க நினைக்கிறவர்களுக்கு

எம்.டி ரேடியாலஜி முடிக்கப் போகிற ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அக்கா, ஐ.ஆர் எடுக்கலாமா, இல்லை ஸ்கேன் ரிப்போர்ட்டிங்கிலேயே இருந்துவிடலாமா?" என்பதுதான். நான் ஐ.ஆருக்கு, அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியும் மெல்லிய குழாயும் விட்டுச் சிகிச்சை செய்கிற இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிக்கு வந்து, அதிலும் பெரும்பாலும் கல்லீரல், பித்தக்குழாய், கணையப் புற்றுநோய்க்காரர்களையே பார்க்கிறவள். அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வருடக் கணக்கு. எம்.பி.பி.எஸ் ஐந்தரை, எம்.டி 3, அதற்கு மேல் ஐ.ஆருக்கான டி.எம் 3. டி.எம்முக்கு நீட் எஸ்.எஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எய்ம்ஸ் மாதிரி இடங்கள் வேண்டுமென்றால் ஐ.என்.ஐ எஸ்.எஸ். இதற்காக எம்.டி பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஐ.ஆர் புத்தகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் நன்றாகப் படிக்கத் தெரியாதவருக்கு ஊசியை எங்கே விடுவது என்றும் தெரியாது.

நான் அதிகம் உழைத்தது ரத்தக்குழாய் அனாட்டமியில்தான். தினமும் ஒரு சி.டி எடுத்து, மேல்வயிற்றின் பெரிய தமனிக் கிளையான சீலியாக் ட்ரங்கிலிருந்து கல்லீரலுக்குப் போகிற தமனிகளை ஒரு நோட்டில் வரைவேன். சிலருக்கு வலது ஹெப்பாட்டிக் (கல்லீரல்) தமனி அங்கிருந்து வராது, கீழே உள்ள சுப்பீரியர் மெசென்டெரிக் தமனியிலிருந்து கிளம்பும். சி.டி.யில் அதைக் கவனிக்காமல் சிகிச்சை செய்கிற கேத்லாபில் போய்த் தேடினால் நோயாளிக்கு கான்ட்ராஸ்டும் ரேடியேஷனும் வீணாக ஏறும். ஆறு மாதம் இப்படி வரைந்தது தேர்விலும் கைகொடுத்தது, அதைவிட அதிகமாக சிகிச்சை மேஜையில்.

டேஸ் என்ற கல்லீரல் புற்று சிகிச்சை மொத்தமும் இந்த அனாட்டமியை நம்பித்தான் நிற்கிறது. நல்ல கல்லீரல் திசுவுக்கு ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது, அதனால் தமனிக்குள் மைக்ரோகத்தீட்டர் என்ற மிக மெல்லிய குழாயை விட்டுக் கட்டி வரைக்கும் போய், மருந்தைக் கொடுத்து அந்தக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், மீதிக் கல்லீரல் பெருமளவு தப்பிக்கும். இது ஆயுளைக் கூட்டுகிறது என்று 2002-இல் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. எல்லோரும் முடிவை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். நீங்கள் யாரைச் சேர்த்தார்கள் என்பதைப் படியுங்கள்: பார்சிலோனாவில் 903 பேரைப் பரிசோதித்து 112 பேரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டி.எம் இறுதித் தேர்வில் எந்த கத்தீட்டர், எந்த வயர் என்று கேட்பார்கள் என்று தயாராகிப் போனேன். தேர்வாளர் படத்தைக் காட்டிவிட்டு, "இவருக்கு ஏன் செய்ய வேண்டும்? செய்யாமல் விட்டால் என்ன?" என்றுதான் ஆரம்பித்தார். பிலிருபின், வயிற்றில் நீர், போர்ட்டல் சிரை அடைப்பு, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கத்தீட்டர் பற்றியே பேச்சு வந்தது.

அப்புறம், இதை நான் தப்பு செய்துதான் கற்றேன். டி.எம் சேர்ந்த இரண்டாவது மாதம், கணையப் புற்றால் மஞ்சள் காமாலை ஏறியிருந்த ஒருவருக்கு பி.டி.பி.டி செய்தேன், அதாவது தோல் வழியாகப் பித்தக்குழாய்க்குள் ட்யூப் வைத்துப் பித்தத்தை வெளியே எடுப்பது. ட்யூப் அழகாக உட்கார்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த கேசுக்குப் போய்விட்டேன். ஒன்பதாம் நாள் குளிர்க்காய்ச்சலோடு திரும்ப வந்தார், ட்யூப் அடைத்திருந்தது. அவர் மனைவி கேட்டார்: "தினமும் சலைன் விட்டுக் கழுவணும்னு யாரும் சொல்லலையே, டாக்டரம்மா?" சொல்ல வேண்டியவள் நான்தான். அவருடைய கீமோ அதனால் தள்ளிப்போனது. இப்போது டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டு ஆள் ஒருவர் என் கண் முன்னே ஒருமுறை கழுவிக் காட்டாமல் அனுப்புவதில்லை.

நம்மிடம் வருகிற பலருக்கு நோயைக் குணமாக்க முடியாது. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டி என்றால் அப்லேஷனில் சுட்டே அழிக்கப் பார்க்கலாம், அது தனி நிறைவு. ஆனால் கணையப் புற்று வலியில் வாரக்கணக்காக மல்லாந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கிய ஒருவர், வலியைக் கடத்துகிற சீலியாக் பிளெக்ஸஸ் நரம்புப் பின்னலில் ஆல்கஹால் ஊசி போட்ட மறுநாள் காலை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இது என் வேலை என்று அன்றைக்குத்தான் முழுசாக நம்பினேன்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். லெட் ஏப்ரன், தைராய்டு காலர், லெட் கண்ணாடி மூன்றும் முதல் நாளிலிருந்தே. வாங்குகிற கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டு கேஸ் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நம் நாட்டு விதிப்படி நாம் வாங்கும் கதிர்வீச்சு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பேட்ஜ் போடாவிட்டால் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது.

எம்.டி இரண்டாம் வருடத்தில் இருக்கிறீர்களா? சரி, அல்ட்ராசவுண்ட் பயாப்சி போஸ்டிங்கைக் கேட்டு வாங்குங்கள். பல துறை டாக்டர்கள் சேர்ந்து புற்றுநோய் கேஸ்களைப் பேசுகிற டியூமர் போர்டில் பின் வரிசையிலாவது போய் உட்காருங்கள். யாருக்காவது டேஸ் செய்வதைப் பார்த்தால் மறுநாள் அவரை வார்டில் போய்ப் பாருங்கள். காய்ச்சலும் வலியும் குமட்டலும் இருக்கும். எவ்வளவு இருந்தால் வழக்கம், எப்போது பயப்பட வேண்டும் என்பதை அந்தப் படுக்கை ஓரத்தில் நின்றுதான் நான் கற்றேன்.