அம்மாவுக்குப் பட்டன் போனா? முதலில் சிம்மைப் பாருங்கள்

"அம்மாவுக்கு ஒரு பட்டன் போன் வாங்கணும், எது நல்லா இருக்கும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அம்மா இருக்கும் வீட்டில் எந்த சிம்முக்கு டவர் எடுக்கிறது என்பதைத்தான். போனுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ ஒரு தடவை கொடுத்தால் முடிந்தது. ரீசார்ஜ் வருஷக்கணக்கில் ஓடப்போவது. அதனால் சிம்மை முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதற்கு ஒத்துவரும் போனைத் தேடுவதுதான் சரி.

ஜியோவில் பழைய 2ஜி நெட்வொர்க் கிடையாது, 2016-இல் தொடங்கியதிலிருந்தே 4ஜிதான். அம்மாவிடம் ஜியோ சிம் இருக்கும்போது விலை குறைவாக இருக்கிறதே என்று 2ஜி போனை வாங்கிவந்தால் அதில் டவரே வராது. ஜியோதான் என்றால் 4ஜியிலேயே பேசும் வசதியுள்ள பட்டன் போன் வேண்டும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் அப்படிப்பட்டதுதான், அதற்கென்றே 28 நாளுக்கு 123 ரூபாய் என்று மலிவான பேக்கும் விட்டார்கள். ஆனால் அதில் வேறு கம்பெனி சிம் வேலை செய்யாது, நாளைக்கு டவர் சரியில்லை என்று மாறினால் போனையும் மாற்ற வேண்டும். ஏர்டெல், வோடபோன் ஐடியா என்றால் நோக்கியா 105 மாதிரி சாதாரண 2ஜி போனே ஓடும். இருந்தாலும் கொஞ்சம் கூடக் கொடுத்து, எந்த சிம்மும் போடக்கூடிய 4ஜி பட்டன் போனாக வாங்குங்கள் என்பேன். அம்மா காதுக்கு மிஷின் வைத்திருந்தால் கட்டாயம் அதைத்தான் வாங்க வேண்டும். 2ஜியில் பேசும்போது காது மிஷினில் 'ர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் வரும், எதிரில் பேசுவது பாதி கேட்காது.

எங்கள் அம்மா இருப்பது கோவில்பட்டிப் பக்கம், கனமான சுவர் வைத்த பழைய வீடு. ஊருக்குப் போயிருந்தபோது ஆளுக்கொரு கம்பெனி சிம் வைத்திருந்த எங்கள் போன்களையெல்லாம் எடுத்துக்கொண்டு திண்ணை, பட்டாசாலை, அடுப்படி, கொல்லை என்று நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு கால் பேசிப் பார்த்தோம். திண்ணையில் எல்லாமே நன்றாக எடுத்தது. அடுப்படியில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. அம்மா பாதி நாள் அடுப்படியில்தான் இருப்பார் என்பதால் நம்பரை மாற்றாமல் அந்தக் கம்பெனிக்கே போர்ட் செய்தோம், அதாவது கம்பெனியை மட்டும் மாற்றினோம். பட்டன் போனை 2ஜியில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், உங்கள் போன் செட்டிங்கில் 2ஜி மட்டும் என்று வைத்துவிட்டு இதே மாதிரி நடந்து பாருங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் அம்மாவுக்குப் புது நம்பர் வாங்காதீர்கள். ஆதார், பேங்க், ரேஷன் கார்டு, கேஸ் எல்லாம் பழைய நம்பரில்தான் கிடக்கும். கம்பெனியை மாற்ற, அம்மாவின் போனிலிருந்து போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு இடம் விட்டு அதே நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு கோட் வரும். அது நான்கு நாள் செல்லும், அதற்குள் அம்மாவை ஆதாரோடு புதுக் கம்பெனியின் கடைக்குக் கூட்டிப்போனால் போதும்.

ரீசார்ஜில்தான் பல குடும்பங்களில் காசு வீணாகிறது. நெட் என்றால் என்னவென்றே தெரியாத பெரியவர்களுக்கும் தினம் ஒன்றரை ஜிபி டேட்டா பேக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றை எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டும், 365 நாள் வரை வேலிடிட்டி கொடுக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் அந்த பேக்குகள் வந்தன. அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கடையில் 'டேட்டா இல்லாத வாய்ஸ் பேக்' என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடிந்தால் வருஷ பேக்காகப் போட்டுவிடுங்கள். வேலிடிட்டி முடிந்ததை அம்மா கவனிக்க மாட்டார். முதலில் அவுட்கோயிங் நிற்கும், பிறகு இன்கமிங், அப்படியே விட்டால் ஒருநாள் நம்பரே வேறு யாருக்காவது போய்விடும், பேங்க் ஓடிபியோடு சேர்த்து. நாங்கள் பொங்கலுக்குப் போகும்போது போட்டுவிடுகிறோம், தேதி யாருக்கும் மறப்பதில்லை.

இனி போன். அம்மாவை விட்டுவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போடாமல் கடைக்குக் கூட்டிப்போங்கள். கடைக்காரர் கேமரா, கலர் ஸ்கிரீன் என்று காட்டிக்கொண்டிருக்க, எங்கள் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் பெருவிரலால் பட்டன்களைத் தடவிப் பார்த்தார். நடுவில் 5-இல் சின்னதாக ஒரு மேடு இருக்கும், அது விரலில் படுகிறதா என்பதுதான் கணக்கு. ஒன்றில் பட்டன்கள் எல்லாம் ஒரே தகடு மாதிரி வழுவழுவென்று இருந்தன, உடனே கீழே வைத்துவிட்டார். அடுத்ததில் தனித்தனியாக எழும்பியிருந்தன, அழுத்தினால் 'டக்' என்று கேட்டது. "இது சரியா இருக்குய்யா" என்றார். சிம்மைப் போட்டு நான் தெருவுக்குப் போய்க் கூப்பிட்டேன், வண்டிச் சத்தத்திலும் ரிங் கேட்டது, எடுத்துப் பேசினார். அதைத்தான் வாங்கினோம்.

வாங்கியதும் நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது சிம் இடத்தைக் காலியாக விடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு காலுக்கும் எந்த சிம் என்று கேட்டு அம்மாவைக் குழப்பும். பெயர்களைத் தமிழில் போடுங்கள், சிம்மில் கம்பெனி போட்டு வைத்திருக்கும் சர்வீஸ் நம்பர்களை அழித்துவிடுங்கள். ஸ்பீட் டயலில் 2-இல் நான், 3-இல் அக்கா, 4-இல் பக்கத்து வீட்டுச் சித்தி. 5, 9 இரண்டையும் தொடவில்லை. 2017-லிருந்து விற்கும் பட்டன் போன்களில் அந்த இரண்டில் ஒன்றை அழுத்திப் பிடித்தால் அவசர உதவிக்கு, அதாவது 112-க்கு, கால் போக வேண்டும் என்பது விதி. உங்கள் போனில் எந்த எண் என்று பார்த்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுங்கள். சிவப்புப் பட்டனை நிறைய நேரம் பிடித்தால் போன் அணைந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள். 'அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப்' என்று நாம் பதறுகிற பாதி நேரம் அதுதான் நடந்திருக்கும்.

ஓடிபி பற்றி ஒரே விதியாகச் சொன்னால் பெரியவர்களுக்குக் குழப்பம்தான், ஏனென்றால் சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் நம்பரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் எங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன்: சிலிண்டர் வாசலில் இறங்கியபிறகு, கேஸ்காரருக்கு மட்டும், கேஸ் மெசேஜில் வந்த நம்பரைச் சொல்லுங்கள், போனில் பேசுகிற எவருக்கும் எந்த நம்பரும் சொல்லாதீர்கள், பேங்க் என்றாலும் போலீஸ் என்றாலும் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். பணம் போய்விட்டதென்று தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும், அது நம் வேலை.

அப்புறம், எங்கள் எல்லார் நம்பரையும் காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம். போன் தொலைந்தாலும் சார்ஜ் இல்லாவிட்டாலும் சித்தி வீட்டிலிருந்து கூப்பிடலாம்.