சொந்த ஊரில் ஒரு கைப்பட்டி

திருகோணமலை உவர்மலையில் வீட்டை வைத்துக்கொண்டு நிலாவெளியில் போய் ஹோட்டலில் தங்குவீர்களா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஓட்டோ பிடித்தால் அரை மணித்தியாலம், வழியில் உப்பளம், அதைத் தாண்டினால் நிலாவெளி. அந்தக் கடலில் குளிக்க நாங்கள் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. ஆனால் தம்பி கனடாவில் இருந்தபடியே எல்லோருக்கும் சேர்த்து அறை போட்டுவிட்டான். "அக்கா, இது ஓல் இன்குளூசிவ். சாப்பாடு, குடிக்கிறது, எல்லாம் அதுக்குள்ள. ஒருத்தரும் பேர்சைத் தொடத் தேவையில்லை" என்றான். அவன் லீவில் வந்து நிற்கும் போதெல்லாம் அம்மாவும் நானும் மச்சாளும் குசினிக்குள்ளேயே கிடக்கிறோமாம். இந்தமுறை அதற்கு விடமாட்டானாம்.

வரவேற்பு மேசையிலேயே முதல் கூத்து. எங்கள் அடையாள அட்டைக்கு உள்நாட்டு விலை, தம்பியின் கனடா பாஸ்போர்ட்டுக்கு டொலர் விலை. இலங்கையில் பெரும்பாலான கடற்கரை ஹோட்டல்களில் இதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. "பிள்ளை, இவனும் இஞ்ச பெரியாஸ்பத்திரியிலதான் பிறந்தவன்" என்று அந்தப் பெண்ணிடம் விளக்கப் போய்விட்டார். பெண் சிரித்துக்கொண்டே எல்லோர் கையிலும் ஒரே மஞ்சள் பட்டியைக் கட்டிவிட்டாள். குளிக்கும்போதும் கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அம்மா அதைக் காப்புக்கு மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

அறை பிரிக்கும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "மேல்மாடியில இருக்கோ?" கடல் நன்றாகத் தெரியும் என்பதற்காகக் கேட்கிறார் என்று தம்பி நினைத்தான். 2004 டிசம்பர் 26 அன்று அவன் இங்கே இல்லை.

இந்த ஓல் இன்குளூசிவ் முறை எங்கே தொடங்கியது என்று தம்பியின் மூத்தவன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். 1950இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கிளப் மெட் என்ற நிறுவனம் போட்ட விடுமுறை முகாமாம். தங்குமிடமும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில். குளிக்கிற உடுப்போடு திரிகிறவன் காசை எங்கே வைப்பான்? அதனால் பிறகு பாரில் குடிப்பதற்குக் காசுக்குப் பதில் பாசிமணி கொடுத்தார்களாம். இன்றைய கைப்பட்டிக்கு அந்தப் பாசிமணிதான் மூத்தது போலும்.

"எல்லாம் அடக்கம்" என்றால் எதுவெல்லாம் அடங்காது என்பது போன பிறகுதான் தெரியவரும். உள்ளூர்ச் சாராயமும் உள்ளூர் பியரும் அடக்கம், வெளிநாட்டுப் போத்தல்கள் இல்லை. பைக்கற்றில் வந்த பழச்சாறு அடக்கம், இளநீர் இல்லை. நீச்சல் குளத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் தென்னை, குலை குலையாகச் செவ்விளநீர் தொங்குகிறது, ஒன்று வெட்டினால் தனி பில். மச்சாள் அதைக் குடிக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். கேற்றுக்கு வெளியே வந்து, வீதியோரக் கடையில் குடித்துவிட்டு, வெற்றியோடு திரும்பி வந்தாள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே பரிமாறுகிற பையன்களில் ஒருவன் என்னிடம் படித்தவன், இறக்கக்கண்டிப் பக்கத்துப் பிள்ளை. என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு "ரீச்சர்!" என்று நிமிர்ந்து நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் அப்படி நின்றவனில்லை. பிறகு அவன்தான் எனக்கு பஃபே மேசையின் சூட்சுமத்தைச் சொல்லித் தந்தான். மேசை தொடங்கும் இடத்தில் பாண், சலாது, சோறு, நூடில்ஸ். பெரிய கரண்டிகள். இறாலும் நண்டும் கடைசியில், சின்னக் கரண்டியோடு. அங்கே போய்ச் சேரும்போது தட்டில் இடமிருக்காது. "முதல் நாள்தான் ரீச்சர் எல்லாரும் மலைபோல எடுப்பினம். ரெண்டாம் நாளில இருந்து அவையே குறைச்சிடுவினம். செஃப் அந்தக் கணக்குப்படிதான் சமைக்கிறவர்" என்றான். நான் திரும்பி எங்கள் மேசையைப் பார்த்தேன். என் கணவர் மூன்றாவது தட்டோடு வந்துகொண்டிருந்தார்.

சமையலில் குறை சொல்ல முடியாது, ஆனால் உறைப்பு இல்லை. எல்லா நாட்டவருக்கும் பொதுவாகச் சமைத்தால் ஒரு நாட்டவருக்கும் உரியதாக வராது. அப்பத்துக்கென்று தனியாக ஒருவர் சட்டியோடு நிற்கிறார், முட்டையப்பம் கண்முன்னால் சுட்டுத் தருகிறார், அது அருமை. இடியப்பமும் சொதியும் பரவாயில்லை. மீன்கறி மட்டும் தேங்காய்ப்பாலில் நனைத்த மாதிரி. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "ஐஸ் மீன்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த நாள் விடிய, ஹோட்டலுக்கு நேர் முன்னால் கரைவலை இழுத்தார்கள். கரை எந்த ஹோட்டலுக்கும் சொந்தமில்லை, பொதுச் சொத்து. அதனால் சாய்கதிரைகளுக்கு முன்னால் வலைக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். இரண்டு கயிறு, இரண்டு வரிசை ஆட்கள், கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னுக்கு நடக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் கைப்பட்டியோடு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்கள். தம்பியின் பிள்ளைகளும் போனார்கள். கயிறு உள்ளங்கையைத் தேய்த்துவிட்டது, சின்னவள் உடனே விட்டுவிட்டாள். வலையின் மடி கரையேறியபோது உள்ளே கீரிமீனும் சூடையும் துள்ளித் துள்ளி வெள்ளியாக மின்னின. ஒரு சின்னப் பாரை. நாலைந்து சொறிமுட்டைகள் (ஜெல்லிமீன்கள்), அவற்றைக் காலால் ஒதுக்கினார்கள்.

அதற்குள் அம்மா கீழே இறங்கி வந்துவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை கேட்கத் தொடங்கினார். மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் காசு கட்டியாகிவிட்டது என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணுக்கு முன்னால இப்பிடிப் புதுமீன் கிடக்க, எவன் போய் அந்த ஐஸ் மீனைத் தின்னுவான்?" என்று கேட்டபடியே கீரிமீனை வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு படியேறினார். கையில் மஞ்சள் பட்டி, பையில் மீன், பின்னால் காகம்.

வெளியிலிருந்து கொண்டுவரும் எதையும் விருந்தினருக்கான குசினியில் சமைக்க மாட்டார்கள். அது விதி, சுகாதாரக் காரணம், சரி. ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் என் மாணவன்தான் பையை வாங்கிக்கொண்டு போனான். வேலையாட்களுக்கென்று பின்பக்கம் தனிச் சமையல் நடக்கிறது. மத்தியானம் பஃபே மேசையைச் சுற்றிவந்து, ஒரு மூடி போட்ட கிண்ணத்தை அம்மாவின் முன் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். பழப்புளி கரைத்து, வெந்தயம் தாளித்து, மிளகாய்த்தூள் தாராளமாகப் போட்ட கீரிமீன் கறி. மேலே எண்ணெய் சிவப்பாக மிதந்தது. அம்மா வெள்ளைச் சோறு வாங்கிவரச் சொன்னார். இறாலை விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அந்த ஹோட்டலின் மிகச் சிறந்த கறி அதன் மெனுவில் இல்லை.

வெள்ளிக்கிழமை வேறு கதை. அம்மாவுக்கு ஆடி வெள்ளி, தம்பிக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. போயா நாளில் நாடு முழுவதும் மதுவிற்பனை இல்லை, சாராயத்துக்கும் சேர்த்து முன்பணம் கட்டியவனுக்கும் அதே சட்டம். பார் மேசையில் வெள்ளைத்துணி போர்த்தியிருந்தது. தம்பி சோடாவோடு உட்கார்ந்து இந்த ஒரு நாளுக்குக் கழிவு உண்டா என்று கேட்டான். இல்லை. அம்மாவோ மரக்கறிச் சட்டிக்குள் நண்டுக் கரண்டி கிடந்ததைக் கண்டபின் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. வாழைப்பழமும் தயிரும் போதும் என்றுவிட்டார்.

சுற்றுலாப் பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு என்று டொலரில் விலை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். இவையும் அடக்கமில்லை. சம்பந்தர் பாடிய கோவிலுக்கு நாங்கள் பஸ்ஸில் போய், கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்து வளர்ந்தவர்கள். கன்னியாவின் ஏழு கிணறுகளும் எனக்கு அப்பாவின் கிரியைக்குப் போன இடம். பலகையில் ஒரு வெள்ளைக்காரி அதில் வாளியால் அள்ளிக் குளித்துக்கொண்டு சிரிக்கிறாள். கோபமில்லை, கொஞ்சம் விநோதமாக இருந்தது, அவ்வளவுதான்.

புறாத்தீவுக்கு மட்டும் போனோம். 2003இல் தேசிய பூங்காவாக்கிய இடம். கரையிலிருந்து பார்த்தாலே தெரியும், படகில் ஏறி உட்கார முதல் வந்துவிடும். படகுக்கு ஒரு காசு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டுக்கு ஒரு காசு, அதிலும் தம்பி வெளிநாட்டவன். ஆனால் முகமூடியைப் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் தலையைத் தாழ்த்தினால், செட்டை நுனி கறுத்த குட்டிச்சுறாக்கள் காலடியில் ஓடுகின்றன. அவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை. மூத்தவன் அன்று முழுக்க வேறு எதையும் பற்றிக் கதைக்கவில்லை. பவளப்பாறையில் பலர் ஏறி நிற்பதைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது. உயிருள்ள பாறை அது, மிதித்தால் செத்துப்போகும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. ஆவணியில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அதை நம்பிவிடக்கூடாது. அந்த நேரத்தில் வீசுவது கச்சான் காற்று, நிலத்திலிருந்து கடலுக்கு. காற்றடித்த மிதவைகளில் பிள்ளைகளைப் படுக்கவிட்டால், அலையே இல்லாத கடலில் அது சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். சின்னவளின் மிதவை அப்படிப் போகத் தொடங்கியபோது காவலுக்கு நின்றவர் விசில் ஊதினார். என் கணவர் நீந்திப் போய் இழுத்துவந்தார்.

இனி, காசுக்குத் தகுமா என்ற கேள்வி. என் அபிப்பிராயம், திருகோணமலையில் தகாது. வீதியைக் கடந்தால் கொத்துரொட்டி, கரையில் புதுமீன், பட்டினத்துக்கு பஸ். வெளியே ஒன்றுமே இல்லாத தனித்தீவில் இப்படிக் கட்டணம் கட்டுவதற்கு அர்த்தமுண்டு. இங்கே காலைச்சாப்பாட்டோடு மட்டும் அறை எடுத்தால் போதும். மச்சாள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மத்தியானத்துக்கு என்ன சமைக்கிறது எண்டு யோசிக்காம எழும்பின காலமை எனக்கு எப்ப வந்தது?" என்றாள். அவளுக்குத் தகும், நான் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

போவதாக இருந்தால் முதலே சிலதைக் கேட்டுவிடுங்கள். எந்தக் குடிவகை அடக்கம், எத்தனை மணிவரை, கடைசி நாள் மத்தியானச் சாப்பாடு உண்டா, பத்து வீத சேவைக் கட்டணம் சொன்ன விலைக்குள் இருக்கிறதா. அந்தச் சேவைக் கட்டணம் வேலையாட்களுக்குள் பிரியும் என்றும், சீசனில் தனக்குச் சம்பளத்தைவிட அதுதான் கூட என்றும் என் மாணவன் சொன்னான். கலண்டரில் போயாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடை தொடங்கினால் விலை இறங்கும், ஆனால் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுப் படகும் கிடைக்காது. நீச்சல் குளமும் முட்டையப்பமும் போதும் என்கிறவர்கள் அப்போது போகலாம்.